மலையாட்டு வேட்டை: கிடாவா பெட்டையா, இளசா முற்றியதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வேட்டை உரிமம் எடுத்த நாளிலிருந்து தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகிறது. எதிர்மலைச் சரிவில் அரிசிமணி மாதிரித் தெரிகிற வெள்ளை ஆடு பெரியதா சிறியதா என்று இங்கிருந்தே எப்படிச் சொல்கிறீர்கள்? உண்மையில் "எவ்வளவு பெரியது" என்பது கடைசிக் கேள்வி. அது ஆணா, முற்றியதா என்பது முதல் கேள்வி. அந்த வரிசையிலேயே பதில் சொல்லியிருக்கிறேன்.

இந்த மலையாடு நம் ஊர் வரையாடுதானே?

இல்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் இருக்கும் வரையாடு வேறு, வட அமெரிக்க மலையாடு வேறு. பெயரில் ஆடு இருந்தாலும் இது வெள்ளாட்டுப் பேரினத்தைச் சேர்ந்ததுகூட இல்லை. தன் பேரினத்தில் தனியாக நிற்கும் ஒரே இனம். அலாஸ்காவின் தென்பகுதி, யூக்கான், பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா ஆகியவை இதன் சொந்த இடங்கள். கொலராடோவிலும் அலாஸ்காவின் கோடியாக் தீவிலும் இருப்பவை மனிதர் கொண்டுபோய் விட்டவை. உலகிலுள்ள மலையாடுகளில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ் கொலம்பியாவில்தான் வாழ்கின்றன.

வரையாட்டை இங்கே இழுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முற்றிய வரையாட்டுக் கிடா கரும்பழுப்பாகி, முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு விழுந்துவிடும். அந்தக் காலத்து நீலகிரி வெள்ளைக்காரத் துரைகள் அதைப் பார்த்தே 'சேடில்பேக்' என்று பேர் வைத்துச் சுட்டார்கள். நிறமே ஆணையும் வயதையும் சொல்லிவிடும். வட அமெரிக்க மலையாட்டில் அந்தச் சலுகை கிடையாது. கிடா, பெட்டை, குட்டி எல்லாமே வெள்ளை. எல்லாவற்றுக்கும் கறுப்புக் கொம்பு, பெரியவற்றுக்குத் தாடியும் உண்டு.

பெட்டையைச் சுட்டால் என்ன? சில இடங்களில் சட்டமே அனுமதிக்கிறதே?

அனுமதிக்கிறது. ஆனாலும் சுடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. வேட்டைத் துறைகளும் அதையேதான் கெஞ்சிக் கேட்கின்றன.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஊர் வெள்ளாடு ஒன்றரை வயதுக்குள் குட்டி போட்டுவிடும், இரட்டைக் குட்டியும் சாதாரணம். மலையாட்டுப் பெட்டை முதல் குட்டி போடுவது பெரும்பாலும் 4 அல்லது 5 வயதில். அதுவும் ஒற்றைக் குட்டி, இரட்டை அபூர்வம். எல்லா வருடமும் ஈனாது. ஈன்றதிலும் எல்லாம் முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. முப்பது நாற்பது ஆடுகள் உள்ள ஒரு மலைக்கூட்டத்தில் ஈனும் வயதுப் பெட்டைகள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். அதில் வருடத்துக்கு ஒன்றிரண்டு போனாலே கூட்டம் தேய ஆரம்பித்துவிடும்.

ஆல்பர்ட்டாவில் இது நடந்தே காட்டியது. எண்ணிக்கை விழுந்ததால் அங்கே 1987இல் மலையாட்டு வேட்டையையே நிறுத்தினார்கள். 2001இல்தான், அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு அனுமதிகளோடு, மறுபடி திறந்தார்கள். அலாஸ்காவின் தென்கிழக்கில் வேறு வழி பிடித்தார்கள். ஒவ்வொரு மலைத்தொகுதிக்கும் இத்தனை புள்ளி என்று ஒதுக்கி, கிடா விழுந்தால் 1 புள்ளி, பெட்டை விழுந்தால் 2 புள்ளி என்று கழிக்கிறார்கள். புள்ளி தீர்ந்தால் அந்தப் பகுதி மூடப்படும். நீங்கள் தவறிச் சுட்ட ஒரு பெட்டை, அடுத்து வருபவனின் வாய்ப்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

குட்டியோடு இருக்கும் பெட்டையையும் குட்டியையும் சுடுவது அலாஸ்காவில் சட்டப்படியே குற்றம். மற்ற இடங்களில் அந்தந்த வருட விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.

சரி, ஆட்டைப் பார்த்தாயிற்று. முதலில் எங்கே கண்ணை வைப்பது?

கொம்பின் அடியில். நுனியில் இல்லை.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கொம்பின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பெட்டையின் கொம்பும் கிடாவின் கொம்பு அளவுக்கே நீளும், சில சமயம் மிஞ்சியும் விடும். நீளத்தை வைத்து ஆண் பெண் சொல்ல முயன்றால் ஏமாந்துதான் போக வேண்டும்.

தலை நேராக உங்களைப் பார்க்கும்வரை காத்திருங்கள். கிடாவின் கொம்பு அடியில் தடித்திருக்கும். இரண்டு கொம்புகளும் நெற்றியில் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு முளைத்ததுபோல இருக்கும், நடுவில் சின்ன இடைவெளிதான். பெட்டைக்கு அடி மெலிசு, நடுவில் வெள்ளை முடி நன்றாகத் தெரிகிற அளவுக்கு இடம். பக்கவாட்டில் பார்க்கும்போது அளவுகோல் கண்தான். கொம்பின் அடி கண்ணைவிடத் தெளிவாக அகலமாக இருந்தால் கிடாவாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணளவோ அதற்குக் குறைவோ என்றால் பெட்டை, அல்லது இளசு.

முற்றிய கிடாவுக்குக் கொம்பின் பின்னால் பிறை வடிவில் கறுப்பாக ஒரு சுரப்பி புடைத்திருக்கும். நவம்பரில், இணைசேரும் காலத்தில், அது இன்னும் பெருக்கும். தூரத்திலிருந்து பார்க்கையில் அந்தக் கறுப்பும் கொம்பின் கறுப்போடு சேர்ந்து, கொம்பு இருப்பதைவிடத் தடிமனாகத் தெரியும். கிடாதான் என்ற முடிவுக்கு இது உதவும். அளவைப் பற்றிய முடிவுக்கு இது எமன்.

கொம்பின் வளைவிலிருந்து ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும், ஆனால் இரண்டாவது சாட்சியாக மட்டும். கிடாவின் கொம்பு அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக, அரிவாள் முதுகு போல வளையும். பெட்டையின் கொம்பு நேராக எழுந்து, மேல் பகுதிக்கு வந்ததும் சட்டென்று பின்னால் மடங்கும். பத்தில் ஏழெட்டு ஆட்டுக்கு இது பொருந்தும் என்பது என் அனுபவம். மீதி இரண்டு மூன்றில்தான் வம்பே.

தனியாக நிற்கும் ஆடு கிடாதானே?

பெரும்பாலும். பெட்டைகள் குட்டிகளோடும் ஓராண்டுக் குட்டிகளோடும் கூட்டமாகத் திரியும். கிடாக்கள் கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் தனியாகவோ, இரண்டு மூன்று பேராகவோ, யாரும் போக விரும்பாத மூலைகளில் படுத்திருக்கும்.

'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். குட்டியை இழந்த பெட்டை தனியாக மேயும். தனியாகத் தெரியும் பெட்டையின் குட்டி பாறைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று: கூட்டத்தில் மற்றவற்றை முட்டித் தள்ளி அதிகாரம் பண்ணுகிற ஆட்டைக் கிடா என்று நினைத்துவிடாதீர்கள். மலையாட்டுச் சமூகத்தில் இணைசேரும் காலம் தவிர மற்ற நாட்களில் முற்றிய பெட்டையின் கைதான் ஓங்கியிருக்கும். நல்ல உடம்புள்ள கிடாவே அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கும்.

சந்தேகமே இல்லாமல் உறுதி செய்ய வழி?

அது சிறுநீர் கழிக்கும்வரை காத்திருங்கள். சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெட்டை பின்னங்கால்களை மடக்கிக் குந்தும். கிடா உடம்பை முன்னால் நீட்டி நின்றபடியே போகும். படுத்திருக்கும் ஆடு எழுந்ததும் பெரும்பாலும் செய்கிற முதல் வேலை இதுதான். அதனால் படுத்திருக்கும் ஆட்டைக் கண்டால் அதை எழுப்ப அவசரப்படாமல், எழும்போது ஸ்கோப்பில் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியில்) கண் வைத்திருப்பவன் புத்திசாலி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம் ஒரு தனி ஆட்டை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நீளக் கொம்பு, பெரிய உடம்பு, மங்கிய மஞ்சள் பின்புறம். கூட வந்தவரும் நானும் கிடா என்று முடிவே செய்துவிட்டோம். பையைக் கட்டிக்கொண்டு நெருங்கக் கிளம்பும்போது அது எழுந்து, சோம்பல் முறித்து, நிதானமாகக் குந்தியது. நாங்களும் குந்திவிட்டோம்.

வால் தூக்கும்போது பார்ப்பதும் உதவும். பெட்டைக்கு வாலுக்கு அடியில் கறுப்புத் திட்டு தெரியும். கிடாவின் விதைப்பை கோடை முடியில் தெரியும். குளிர்கால முடி வளர்ந்துவிட்டால் அதைத் தேடிப் பயனில்லை.

முடி உதிர்வதை வைத்துச் சொல்லலாம் என்கிறார்களே?

பருவத்தின் தொடக்கத்தில் போகிறவர்களுக்கு நல்ல குறிப்பு. பழைய குளிர்கால முடியை முதலில் கழற்றுவது முற்றிய கிடாக்கள். ஜூலை நடுவிலேயே வழுவழுவென்று ஆகிவிடும். அடுத்து குட்டி இல்லாத பெட்டைகள். பால் கொடுக்கும் தாய்க்கு ஆகஸ்டிலும் விலாவிலும் பின்புறத்திலும் கந்தல் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஆகஸ்ட் தொடக்கத்தில் கந்தலாடையோடு நிற்பதைக் கண்டால், குட்டி கண்ணில் படாவிட்டாலும் அது பக்கத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் வந்துவிட்டால் இந்தக் குறிப்பு செத்துவிடும்.

(அப்படி உதிர்ந்து புதர்களில் சிக்கி நிற்கும் கம்பளியைப் பொறுக்கியும் கடலோர சேலிஷ் பழங்குடி மக்கள் போர்வை நெய்தார்கள். டிலிங்கிட் பழங்குடி மக்களின் சில்கட் போர்வையிலும் இந்த ஆட்டின் மயிர்தான், தேவதாரு வகை மரப்பட்டை நாரோடு சேர்ந்து.)

பருவத்தின் இறுதியில் இன்னொரு குறிப்பு வரும். இணைசேரும் காலத்தில் கிடாக்கள் மண்ணைக் குழி பறித்து அதில் உட்கார்ந்து புழுதியை மேலே வாரிப் போட்டுக்கொள்ளும். பின்புறமும் வயிறும் அழுக்கேறி நிற்கும். ஆனால் மண்ணில் படுக்கும் எந்த ஆடும் அழுக்காகும் என்பதை என் கதையிலேயே பார்த்தீர்கள்.

வயதை எப்படிக் கணிப்பது? கொம்பில் வளையம் எண்ணலாமா?

நம் ஊர்ச் சந்தையில் உதட்டை விலக்கி இரண்டு பல்லா நாலு பல்லா என்று பார்ப்போம். இங்கே அந்த வசதி இல்லை. கொம்பில் வருடாந்திர வளையங்கள் உண்டு, ஆனால் அவை ஆடு கையில் கிடைத்த பிறகு எண்ணுவதற்குத்தான். தூரத்திலிருந்து தெரியாது. தெரிந்ததாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

கையில் எண்ணும்போதும் ஒரு சூட்சுமம். பிறந்த முதல் குளிர்காலம் தெளிவான வளையத்தை விடுவதில்லை. முதல் வளையம் விழுவது சுமார் 22 மாத வயதில். எனவே வளையங்களை எண்ணி 1 கூட்டினால் வயது.

தூரத்திலிருந்து சொல்லக்கூடியது பருவம் மட்டும். இலையுதிர்காலத்தில் அந்த வருடக் குட்டிக்குக் கொம்பு வெறும் முளை. அதற்கு முந்தைய வருடத்துக் குட்டிக்கு ஏறக்குறைய காது நீளம். இரண்டு வயதைத் தாண்டியதற்குக் காதைவிடத் தெளிவாக நீளம். அதற்குப் பிறகு நீளம் உதவாது. கொம்பின் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் மூன்று வருடங்களிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். 4 வயதுக் கிடாவும் 9 வயதுக் கிடாவும் கொம்பு நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே நிற்கும்.

அப்போது முற்றியதை எப்படிப் பிரிப்பது? உடம்பைப் பாருங்கள். முற்றிய கிடாவுக்கு முன்பாரம். தோளில் திமில் மாதிரி எழும்பி, கழுத்து தடித்து, மார்பு ஆழமாகி, கால்கள் குட்டையானதுபோலத் தோன்றும். முகம் நீண்டு, மூக்குப்பாலம் அகன்று, தாடி மோவாயிலிருந்து தாடை வரை பரவியிருக்கும். இளங்கிடாவின் முகம் பார்த்ததும் சின்னதாக, கூர்மையாகத் தெரியும், கால் நீளமாகத் தெரியும். ஊரில் கிடா வளர்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இளங்கிடாவும் பொலிகிடாவும் நடக்கிற நடையே வேறு, இல்லையா? இங்கும் அப்படித்தான்.

கொம்பு எத்தனை அங்குலம் என்று எப்படி மதிப்பிடுவது?

காதுதான் அளவுகோல். முற்றிய ஆட்டின் காது சுமார் நாலரை அங்குலம். கொம்பு காதைப்போல இரண்டு மடங்கு என்றால் 9 அங்குலம், அதாவது 23 சென்டிமீட்டர். அது நல்ல முற்றிய கிடா. 10 அங்குலம் என்றால் வாழ்நாளில் ஒருமுறை காண்பது. 9க்கும் 10க்கும் இடையே உள்ள அந்த ஒரு அங்குலத்தை அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்துச் சொல்கிறேன் என்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

குளிர்கால முடி நீண்டுவிட்டால் கொம்பின் அடி முடிக்குள் புதைந்து, அதே ஆடு ஆகஸ்டில் காட்டிய கொம்பைவிட நவம்பரில் குட்டையாகத் தெரியும்.

'பூன் அண்டு கிராக்கெட்' மதிப்பெண் என்பது என்ன?

1887இல் தியடோர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய சங்கம் அது. வட அமெரிக்க வேட்டை விலங்குகளின் கொம்புகளை அளந்து பதிவேடு வைக்கிறார்கள். மலையாட்டுக்கு ஒவ்வொரு கொம்பின் நீளம், அடிச் சுற்றளவு, மேலே கால், அரை, முக்கால் இடங்களில் சுற்றளவு எல்லாவற்றையும் அங்குலத்தில் கூட்டி, இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கழிப்பார்கள். 50 புள்ளி தொட்டால் நிரந்தரப் பதிவேட்டில் இடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கொம்பும் 10 அங்குலம் என்றால் 20. அடிச் சுற்றளவு ஐந்தரை வீதம் 11. அப்புறம் மூன்று இடங்களில் நாலரை, மூன்று, இரண்டு வீதம் இரு பக்கமும் சேர்த்து 19. ஆக மொத்தம் 50. நீளத்தின் பங்கு 20தான், மீதி 30 தடிமன். பெயருக்காக வேட்டையாடுகிறவனும் கடைசியில் கொம்பின் அடியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தப் புள்ளிக் கணக்கில் பெரிய ஈடுபாடு கிடையாது, கேட்பவர்களுக்காகச் சொன்னேன்.

உடம்பு பெருசா இருந்தால் போதாதா?

பக்கத்தில் ஒப்பிட வேறு ஆடு இல்லாவிட்டால் உடம்பளவு ஒன்றும் சொல்லாது. முற்றிய கிடா 80 முதல் 130 கிலோ வரை, பெட்டை 60 முதல் 90 வரை. நடுவில் மேற்படிவதைப் பாருங்கள். மரமில்லாத பாறையில், பனிப் பின்னணியில், அடர்ந்த முடியோடு நிற்கும் எந்த ஆடும் மாடு மாதிரித் தெரியும்.

என்ன கருவி வேண்டும்? எவ்வளவு நேரம் பார்ப்பது?

தேடுவதற்கு 10 மடங்கு பைனாகுலர். முடிவெடுப்பதற்கு 60 மடங்கு வரை பெருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப், ஆடாத முக்காலியோடு. துப்பாக்கியின் ஸ்கோப்பை வைத்து ஆடு பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள். அது ஆபத்து, பெருக்கமும் போதாது. வெயில் ஏறியதும் பாறைச் சூட்டில் காட்சி நெளியும். அதனால் முடிவுகளைக் காலையிலும் மாலையிலும் எடுங்கள்.

ஒரு ஆட்டுக்குக் குறைந்தது அரை மணி நேரம். முன்னால், பக்கம், பின்னால் என்று மூன்று கோணமும் பார்த்திருக்க வேண்டும். நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து எடுத்த முடிவை மட்டும் நம்பாதீர்கள். கொம்பின் வளைவு அந்தக் கோணத்தில் மறைந்துவிடும். அலாஸ்காவின் மீன், வனவிலங்குத் துறை இணையத்தில் படங்களோடு கிடா–பெட்டை வினாத்தேர்வு ஒன்று வைத்திருக்கிறது. நான் முதல் தடவை எழுதியபோது வாங்கிய மார்க்கைச் சொல்லமாட்டேன்.

கிடாதான், முற்றியதுதான். உடனே சுடலாமா?

எங்கே விழும் என்று பாருங்கள். மலையாடு அடிபட்டதும் செங்குத்துப் பக்கம்தான் போகும். விளிம்பில் நிற்கும் ஆட்டைச் சுட்டால் அது இருநூறு மீட்டர் உருண்டு, கொம்பு ஒடிந்து, இறைச்சி நைந்து, உங்களால் இறங்க முடியாத இடத்தில் கிடக்கும். இறைச்சியை வீணாக்குவது அலாஸ்காவில் சட்டவிரோதம். சமதளத்துக்கு அது வரும்வரை, தேவைப்பட்டால் மறுநாள்வரை, காத்திருக்க வேண்டியதுதான்.

சுட்ட பிறகு யாரிடமாவது காட்ட வேண்டுமா?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் கட்டாயப் பரிசோதனை உண்டு. வளையம் எண்ணி, பாலினம் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வருடம் எத்தனை அனுமதி என்ற முடிவு இந்தக் குறிப்புகளையும் சார்ந்தது.

சென்னையிலிருந்து வந்து வேட்டையாட முடியுமா?

உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பொதுவாக முடியாது. அலாஸ்காவில் வெளிநாட்டவருக்கு அது கட்டாயம், பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பொதுவாக அப்படித்தான். செலவைக் கேட்டால் பாதிப் பேர் கேள்வியை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஊரில் வரையாட்டைச் சுடலாமா என்று கேட்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது, தமிழ்நாட்டின் மாநில விலங்கும்கூட. ஸ்கோப்பில் பார்க்கலாம். வால்பாறை போகும் வழியில் அதுவே சாலையோரம் வந்து நிற்கும்.

மலையாடு மனிதரைத் தாக்குமா?

தாக்கியிருக்கிறது. 2010இல் வாஷிங்டனின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் நடைபயணி ஒருவர் மலையாடு குத்தி இறந்தார். 2021இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் யோஹோ தேசியப் பூங்காவில் ஒரு பெண் கிரிஸ்லி கரடி செத்துக் கிடந்தது. பரிசோதித்தபோது கக்கத்திலும் கழுத்தடியிலும் கொம்புக் குத்துகள். குத்தியது ஒரு மலையாடு. கிடாவா பெட்டையா என்று என்னைக் கேட்காதீர்கள், அதன் கொம்படியை யாரும் பார்க்கவில்லை.